மூஞ்சி எங்க?

இந்தக் கட்டுரைக்குக் காரணம் எங்க அம்மா கேட்ட ஒரு கேள்வி. அச்சோவியம் படித்த நண்பர் ஒருவர், பழைய கலைப் புத்தகம் ஒன்றிலிருந்து ஒரு படத்தை நகலெடுத்துக் கொடுத்திருந்தார். அதைத் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாகப்பட்டினம் பக்கம் கடற்கரையில் நாற்பது வருசம் மீன்கூடை தூக்கியவள். எழுத்து தெரியாது, கடல் தெரியும். தாளை வாங்கித் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தாள். "நல்ல கொந்தளிப்புதான்" என்றாள். அப்புறம் கேட்டாள்: "பொம்பள மூஞ்சி தெரியுது. தூக்கிட்டு வர்றவன் மூஞ்சி எங்கடா?"

படம் இதுதான். கடல் மலைபோல எழும்பி நிற்கிறது. ஒரு பக்கம் உடைந்த கப்பலின் பாய் கிழிந்து அடித்துக்கொள்கிறது. இன்னொரு பக்கம் தூரத்துப் பாறைமேல் எறும்பு மாதிரிச் சில மனிதர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கயிறு. கயிற்றில் ஒரு கப்பி, கப்பியில் தொங்குகிற ஒரு மிதவை வளையம். அதில் ஒருவன் உட்கார்ந்து, நினைவிழந்த ஒரு பெண்ணை மடியில் அணைத்துக்கொண்டு வருகிறான். அவள் உடை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது. அவள் முகம் தெரிகிறது. அவன் முகத்தின் மேல் அவள் சால்வை காற்றில் பறந்து வந்து விழுந்து கிடக்கிறது. பகலா இரவா என்றே சொல்ல முடியாத இருட்டு.

வரைந்தவர் வின்ஸ்லோ ஹோமர் என்ற அமெரிக்க ஓவியர். படத்தின் பெயர் உயிர்க்கயிறு என்று பொருள்படும். 1884-ல் முதலில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். நியூயார்க் கண்காட்சியில் வைத்தபோது காதரின் லோரிலார்ட் உல்ஃப் என்ற செல்வச் சீமாட்டி 2,500 டாலர் கொடுத்து வாங்கிவிட்டார். அதே ஆண்டில் ஹோமர் அதைச் செப்புத் தகட்டில் செதுக்கோவியமாகவும் செய்தார். என் கையில் இருந்தது இந்த இரண்டாவதன் நகல். வண்ணப் படத்தில் அந்தச் சால்வை சிவப்பு. செதுக்கோவியத்தில் வெறும் கோடு.

நண்பர் செய்முறையை விளக்கினார். தகட்டில் மெழுகுப் பூச்சு கொடுத்து, ஊசியால் கீறி, அமிலத்தில் போடுகிறார்கள். ஊசி பட்ட இடத்தை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பள்ளத்தில் மை நிற்கும். ஈரத் தாளை வைத்து அழுத்தினால் படம் ஏறிவிடும். "எவ்வளவு நேரம் அமிலத்துல கெடக்குதோ அவ்வளவு கருப்பு" என்றார். கீறாத இடம் வெள்ளையாகவே இருக்கும்.

அம்மாவின் கேள்விக்குக் கலை விமர்சகர்களிடம் பதில் இருக்கிறது. ஹோமர் முதலில் அந்த மனிதனின் முகத்தைத் தெரியும்படிதான் வரைந்திருக்கிறார். பிறகுதான் சால்வையைக் கொண்டுவந்து மூடினார். முகம் தெரிந்தால் பார்க்கிறவர்கள் கவனம் அவன்மேல் போய்விடும், மூடினால் பெண்ணின்மேலும் ஆபத்தின்மேலும் நிற்கும் என்பது விளக்கம். இருக்கலாம். நனைந்த உடையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கயிற்றில் தொங்குகிற உழைப்பாளியைப் பற்றி எழுதியது குறைவு. அவன் வீரம் என்ற ஒரு பொதுப் பண்பாக மாறிப்போகிறான். முகமில்லாதவன் யாராகவும் இருக்கலாம் அல்லவா? யாராகவும் இருக்கலாம் என்றால் நடைமுறையில் அது யார் என்று நமக்குத் தெரியும். ஆளுகிற நிறத்தில், ஆளுகிற சாதியில் ஒருத்தனைத்தான் பார்க்கிறவன் மனசு அங்கே உட்காரவைக்கும்.

நான் வேறு ஒருவரை அங்கே உட்காரவைத்துப் பார்த்தேன். அவர் பெயர் ரிச்சர்ட் எதரிட்ஜ்.

முதலில் அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கீழைக் கடற்கரையில் கப்பல்கள் தரைதட்டி உடைவது அன்றாட விசயம். அதற்காக அரசு உயிர்காப்புத் துறை என்று ஒன்றை நடத்தியது. கரை நெடுகச் சில மைலுக்கு ஒரு நிலையம். நிலையத்துக்கு ஒரு தலைவர், அவருக்குக் கீழே ஆறு ஏழு ஆட்கள். பதவியின் பெயரே அலையில் இறங்குகிறவன் என்றுதான் அர்த்தம். ராத்திரி முழுக்க முறைவைத்துக் கரையில் நடப்பார்கள். பாதி வழியில் அடுத்த நிலையத்து ஆளைச் சந்தித்து, நடந்ததற்கு அடையாளமாக வில்லையை மாற்றிக்கொண்டு திரும்புவார்கள். கப்பல் தட்டியதைக் கண்டால் தீவட்டி காட்டிச் சைகை கொடுக்க வேண்டும். ஒரு சிறு பீரங்கியால் கப்பலை நோக்கிக் கயிறு எய்வார்கள். அந்தக் கயிற்றைக் கப்பல்காரர்கள் பாய்மரத்தில் கட்டியதும், கால்சட்டை தைத்த மிதவை வளையத்தை அதில் ஓடவிட்டு ஒவ்வொருவராகக் கரைக்கு இழுப்பார்கள். ஹோமர் வரைந்தது இந்தக் கருவியைத்தான். 1883-ல் நியூஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டி கரையில் இதைச் செய்துகாட்டியபோது அவர் பார்த்ததாக அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இந்தத் துறையில் கறுப்பர்களும் இருந்தார்கள். எப்படி இருந்தார்கள் என்பதுதான் நமக்குப் பழகிய கதை. ஆட்களுக்கு ஒன்றிலிருந்து ஆறுவரை வரிசை எண் உண்டு. கறுப்பருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசி எண். கடலில் இறங்குகிற வேலையோடு சமையலும் எடுபிடியும் அவர் தலையில். இது எங்க ஊர் டீக்கடைத் தனிக்குவளைக்குத் தூரத்துச் சொந்தம்.

எதரிட்ஜ் 1842-ல் வட கரோலினாவின் ரோனோக் தீவில் அடிமையாகப் பிறந்தவர். எதரிட்ஜ் என்பதே எசமானின் குடும்பப் பெயர். உள்நாட்டுப் போர் வந்தபோது 1863-ல் வடக்குப் படையில் சேர்ந்தார். கறுப்பர்களுக்கென்று இருந்த 36-வது படைப்பிரிவில் சார்ஜண்ட் ஆனார். எழுதப் படிக்கத் தெரியும். ரோனோக்கில் விடுதலைபெற்ற கறுப்புக் குடும்பங்களைச் சொந்தப் படையின் வெள்ளைச் சிப்பாய்களே கொள்ளையடிப்பதாகப் படைவீரர்கள் சார்பில் மேலிடத்துக்கு மனு எழுதினார். அந்த மனு இன்றும் இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 1873-ல் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' நூலைக் கொண்டுவந்தபோது, கறுப்பு அடிமைகளின் விடுதலைக்காகப் பாடுபட்ட அமெரிக்க நல்ல மனிதர்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அந்த நல்ல மனிதர்கள் என்றதும் வெள்ளைக்காரக் கருணையாளர்கள்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். துப்பாக்கி எடுத்துத் தன் விடுதலைக்குத் தானே சண்டைபோட்ட கறுப்புச் சிப்பாய்கள் சுமார் 1,80,000 பேர். எதரிட்ஜ் அதில் ஒருவர். புலேயின் காணிக்கையில் அவருக்கும் பங்கு உண்டு என்றே நான் வாசிக்கிறேன்.

போருக்குப் பிறகு மீன்பிடித்தார். பிறகு உயிர்காப்புத் துறையில் கடைசி எண்ணில் சேர்ந்தார். 1879 நவம்பர் கடைசியில், பக்கத்துத் தீவின் நிலையத்தில் வெள்ளையர் தலைமையிலான குழு ரோந்தில் கவனக்குறைவாக இருந்து, ஒரு கப்பல் உடைந்து நான்கு பேர் செத்துப்போனார்கள். விசாரணையில் தலைவர் நீக்கப்பட்டார். அந்தக் கரையிலேயே மிகச் சிறந்த ஆட்களில் ஒருவர் இவர் என்று விசாரித்த அதிகாரியே எழுதிக்கொடுக்க, 1880 ஜனவரி 24-ல் எதரிட்ஜ் தலைவரானார். நாட்டிலேயே ஒரு நிலையத்துக்குத் தலைவரான முதல் கறுப்பர். அந்தத் தீவின் ஆங்கிலப் பெயரைத் தமிழில் அப்படியே எழுதினால் நம்ம காதுக்கு வேறு மாதிரி விழும். அதனால் பட்டாணித் தீவு என்று பொருள்பட எழுதுகிறேன்.

கறுப்பன் தலைவன் என்றதும் என்ன நடக்கும்? ஊராட்சித் தலைவர் பதவி தனித்தொகுதியான ஊர்களில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குக் கீழே வெள்ளையர்கள் வேலை செய்யவில்லை. பக்கத்து நிலையங்களில் கடைசி எண்ணில் கிடந்த கறுப்பர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். முழுக்கக் கறுப்பர்கள் கொண்ட ஒரே நிலையமாக அது ஆனது. யாரும் திட்டம்போட்டுச் சமத்துவம் கொண்டுவந்துவிடவில்லை. தீண்டாமையின் உபவிளைவுதான். ஆனால் ஒதுக்கிவைத்த இடத்தையே அவர்கள் தங்கள் கோட்டையாக்கிக்கொண்டார்கள். அதே 1880 மே மாதம் நிலையக் கட்டடம் எரிந்துபோனது. யாரோ தீவைத்ததாகச் சந்தேகம். திரும்பக் கட்டினார்கள். எதரிட்ஜ் பட்டாளத்துக்காரர் கண்டிப்போடு பயிற்சி கொடுத்தார். வெள்ளையன் தவறு செய்தால் அது அவன் தவறு. இவர்கள் ஒரு முடிச்சைத் தப்பாகப் போட்டாலும் இனத்தின் தவறாகிவிடும். இந்தச் சுமை நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும்.

ஹோமர் தகட்டைக் கீறிக்கொண்டிருந்த 1884-ல் இந்தக் கறுப்புக் குழுவுக்கு நாலு வயசு. ஹோமர் இவர்களை வரையவில்லை, அந்தப் படத்துக்கும் இவர்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே வேலை, ஒரே துறை, ஒரே கடல்.

1896-க்கு வருவோம். அந்த ஆண்டு மே மாதம்தான் பிளெஸ்ஸி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனியாக ஒதுக்கினாலும் சமமாக இருந்தால் போதும் என்று தீர்ப்புச் சொல்லி ரயில்பெட்டித் தீண்டாமையைச் சட்டமாக்கியது. அக்டோபர் 11-ல் பட்டாணித் தீவில் புயல். இ.எஸ். நியூமன் என்ற மூன்று பாய்மரக் கப்பல் பாய்களெல்லாம் கிழிந்து தெற்கே வெகுதூரம் அடித்துவரப்பட்டு, இருட்டுகிற நேரத்தில் நிலையத்துக்குத் தெற்கே இரண்டு மைலில் தரைதட்டியது. கப்பலில் 9 பேர். கேப்டன் கார்டினர், அவர் மனைவி, மூன்று வயதுக் குழந்தை, மற்றும் கப்பலாட்கள். அன்றைக்குத் தீவுமேலேயே தண்ணீர் ஏறியிருந்தது. கரை ரோந்தைக்கூட நிறுத்திவைத்திருந்தார்கள். ஆனாலும் காவலில் இருந்த தியோடர் மீக்கின்ஸ் கடல்பக்கமே கண்வைத்திருந்தார். ஒரு வெளிச்சம் தெரிந்தது மாதிரி இருந்தது. தீவட்டி காட்டினார், பதில் வந்தது.

வண்டியில் கருவிகளை ஏற்றி, கணுக்கால், முழங்கால் தண்ணீரில் இழுத்துப் போனார்கள். போய்ப் பார்த்தால் ஒன்றுக்கும் வழியில்லை. பீரங்கியை நிறுத்தக் காய்ந்த மண் இல்லை. படகை இறக்க முடியாது. அதாவது ஹோமர் படத்தில் இருக்கிற கயிறு, கப்பி, வளையம் எதுவுமே அன்றைக்குப் பயன்படாது. எதரிட்ஜ் ஒரு முடிவெடுத்தார். இரண்டு ஆட்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டு. இன்னொரு நீளக் கயிற்றைக் கரையில் இருக்கிறவர்கள் பிடி. அந்த இருவரும் அலைக்குள் இறங்கி நீந்தி நடந்து கப்பலுக்குப் போகட்டும். மனித உடம்பே பீரங்கிக் குண்டு.

போனார்கள். கப்பலில் இருந்தவர்கள் ஏணியை இறக்கினார்கள். முதலில் குழந்தையை வாங்கினார்கள். அதன் உடம்பை இவர்கள் உடம்போடு கட்டிக்கொண்டு வந்தார்கள். களைத்த இருவர் கரையேறியதும் அடுத்த இருவர் இறங்கினார்கள். அடுத்தது தாய். இப்படி ஒவ்வொரு தடவையும் ஒருவராக 9 பேரையும் கொண்டுவந்து, நிலையத்துக்கு அழைத்துப் போய்ச் சேர்த்தபோது ராத்திரி ஒரு மணி. ஒரு உயிர்கூடப் போகவில்லை. ரயிலில் ஒரே பெட்டியில் உட்காரக்கூடாது என்று மேல்கோர்ட்டே சொல்லியிருந்த அந்த வருசத்தில், ஒரு வெள்ளைக் குழந்தை கறுப்பு நெஞ்சோடு கட்டப்பட்டுக் கரைக்கு வந்தது. தண்ணிக்குள்ள தீட்டு இல்லபோல. கரையேறினதும் வந்துடும்.

அவர்கள் பெயர்களை எழுதுகிறேன். ரிச்சர்ட் எதரிட்ஜ், பெஞ்சமின் பௌசர், லூயிஸ் வெஸ்காட், டார்மன் பியூ, தியோடர் மீக்கின்ஸ், ஸ்டான்லி வைஸ், வில்லியம் இர்விங். அடிமை ஏலத்தில் முதல் பெயர் மட்டுமே இருந்த சனத்தின் பிள்ளைகள். அதனால் முழுப் பெயராக எழுதுகிறேன்.

மறுநாள் கேப்டன் கரையெல்லாம் தேடி, கப்பலின் பெயர்ப்பலகை ஒதுங்கிக் கிடந்ததைக் கண்டெடுத்து நன்றியாகக் குழுவிடம் கொடுத்தார் என்று சொல்வார்கள். அரசாங்கம் ஒன்றும் கொடுக்கவில்லை.

கொடுக்கிற வழக்கம் இல்லாமல் இல்லை. மூன்று வருசம் கழித்து, 1899 ஆகஸ்டில், அதே கரையில் கொஞ்சம் தெற்கே, ராஸ்மஸ் மிட்கெட் என்ற வெள்ளையர் புயலில் உடைந்த பிரிசில்லா கப்பலிலிருந்து 10 பேரைத் தன்னந்தனியாகக் காப்பாற்றினார். அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். மிட்கெட் தகுதியில் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த மனிதரின் வேலையும் அசாத்தியமானது. தராசைப் பிடித்த கையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எதரிட்ஜ் 1900-ல் பணியில் இருக்கும்போதே இறந்தார். அதே வருசம் வட கரோலினா, எழுத்தறிவுத் தேர்வையும் வாக்கு வரியையும் வைத்துக் கறுப்பர்களின் ஓட்டுரிமையைப் பிடுங்கிக்கொண்டது. பட்டாணித் தீவு நிலையம் மட்டும் கறுப்பர்களிடமே தொடர்ந்து இருந்து, 1947-ல் மூடப்பட்டது. 1896-ன் அந்த ராத்திரிக்குத் தங்கப் பதக்கம் வந்தது 1996-ல். நூறு வருசம். அதுவும் தானாக வரவில்லை. பட்டதாரி மாணவர்கள் இருவர், கடற்காவல் படையில் இருந்த கறுப்பு அதிகாரி ஒருவர், வட கரோலினாப் பள்ளி மாணவி ஒருத்தி என்று ஆளாளுக்குத் தேடியும் கடிதம் எழுதியும் குடைந்த பிறகு வந்தது. 2012-ல் எதரிட்ஜ் பெயரில் ஒரு ரோந்துக் கப்பலும் விட்டார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பதக்கம் அல்ல. செத்தவன் கழுத்தில் மாலை போடுவதில் எந்த ஆதிக்கத்துக்கும் சிரமம் இல்லை. முக்கியம், எதில் தேடிக் கண்டுபிடித்தார்கள் என்பது. நிலையத்தின் தினப்பதிவேடும் கப்பல்சேத அறிக்கையும் அரசு ஆவணத்திலேயே இருந்தன. நிலையத் தலைவர் என்ற முறையில் எதரிட்ஜ் எழுதிக்கொடுத்தவை. கீறல் விழுந்துதான் இருந்தது. மை போட்டு அச்செடுக்கத்தான் நூறு வருசம் ஆளில்லை. "எங்க சனங்களுக்கு ஆவணமே இல்லை" என்று நாமும் கூட்டங்களில் பேசிப் பழகிவிட்டோம். ஆவணம் இல்லாத இடங்கள் உண்டு. ஆனால் திறக்கப்படாத ஆவணங்களையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

ஹோமரிடம் ஒருமுறை திரும்புகிறேன். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. பருத்தி பறிக்கும் கறுப்புப் பெண்களை 1876-லேயே மரியாதையோடு வரைந்தவர். 1899-ல் இன்னொரு கடல் படம் வரைந்தார். பாய்மரம் முறிந்த படகில் தனியாக ஒரு கறுப்பர், சுற்றிலும் சுறாக்கள், தூரத்தில் சூறாவளி நீர்த்தூண். அந்த மனிதருக்கு முகம் இருக்கிறது. பார்த்தவர்கள் சிலர் அவர் கதி என்ன ஆகும் என்று கவலையோடு கேட்டபோது, அவர் காப்பாற்றப்பட்டு வீடு போய்ச் சேருவார் என்று சொல்லிவிடுங்கள் என ஹோமர் கிண்டலாகக் கடிதம் எழுதினார். பெரிய படம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். காப்பாற்றுகிறவனுக்கு முகம் இல்லை. காப்பாற்ற ஆளில்லாமல் தவிக்கிறவன் கறுப்பன். முகத்தோடு காப்பாற்றுகிற கறுப்பனை, நிஜத்தில் அவன் பத்தொன்பது வருசமாகக் கரையில் நின்றுகொண்டிருந்தாலும், அந்தக் காலத்து ஓவியத்துக்குக் கற்பனை செய்ய முடியவில்லை. பரிதாபத்துக்கு நம்மைக் கூப்பிடுவார்கள். நன்றிக்குக் கூப்பிட மாட்டார்கள்.

இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். பாதி கேட்டாள், பாதி கேட்கவில்லை. குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு வந்ததை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, "உங்க சித்தப்பனும்தான் போனான்" என்றாள்.

சித்தப்பா மேற்கே ஒரு ஊர் நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர். 2004 டிசம்பர் 26-ல் கடல் வந்தபோது, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அவரையும் கூட இருந்தவர்களையும் லாரியில் ஏற்றிக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்தும் துப்புரவுத் தொழிலாளர்கள் அப்படித்தான் வந்து இறங்கினார்கள். முள்ளுக்காட்டில், படகுக்கு அடியில், வலையில் சுற்றிக்கிடந்த பிணங்களை எடுத்தவர்கள் அவர்கள். அவருக்கு முதல் நாள் கையுறை இல்லை, மூக்கை மூட வேட்டித் துணி. அந்த நாள்களின் புகைப்படங்கள் என்னிடம் சில இருக்கின்றன. பத்திரிகைகளில் வந்தவை. தூக்குகிறவர்கள் முகத்தில் துணி கட்டியிருக்கிறது. படத்துக்குக் கீழே இடத்தின் பெயர் உண்டு, ஆட்களின் பெயர் இல்லை. எங்கள் சேரியிலும் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. படகும் வலையும் வைத்திருந்தவர்களைக் கணக்கெடுத்த நிவாரணப் பட்டியலில், கூடை தூக்கியவர்களுக்கும் ஐஸ் உடைத்தவர்களுக்கும் இடம் வரத் தாமதமானது. சில பேருக்கு வரவே இல்லை. அம்மா அதில் ஒருத்தி.

போன மாதம் சித்தப்பாவைப் போய்ப் பார்த்தேன். எழுபது தாண்டிவிட்டது, கண் மங்கல். அந்த நாள்களின் வருகைப் பதிவேடு இருக்குமா என்று அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் கேட்டேன். பழைய கட்டுகளைத் தேட வேண்டும், மனு எழுதிக்கொடு என்றார்கள். எழுதிக்கொடுத்திருக்கிறேன். சித்தப்பாவிடம் படத்தைக் காட்டினேன். முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "இவன் கொடுத்துவச்சவன், உசுரோட தூக்கிட்டு வர்றான்" என்றார்.

அன்றைக்கு அந்த லாரியில் யார் யார் இருந்தாங்கன்னு கேட்டேன். மொத்தம் பதினாலு பேர் என்றார். விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார். ஒன்பது பெயர் வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒரு பொடியன் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வரவில்லை. அவன் வீடு தெரியும், அடுத்த தெருதான், சாயங்காலம் கூட்டிட்டுப் போறேன் என்றார்.